காட்டாத கொலை: 'அனாட்டமி ஆஃப் எ மர்டர்' ஒரு மறுபார்வை

கொலை செய்தது யார் என்பதில் இந்தப் படத்தில் துளி மர்மமும் கிடையாது. ராணுவ லெப்டினன்ட் ஃபிரெடரிக் மேனியன் ஊரில் உள்ள பாருக்குள் நடந்துபோய், அதன் உரிமையாளர் பார்னி குவில்லைச் சுட்டுத் தள்ளுகிறார். கண்ணால் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். அவரும் மறுக்கவில்லை. தன் மனைவி லாராவை குவில் பலாத்காரம் செய்தான், அதனால் சுட்டேன் என்கிறார். பிறகு எதற்கு இரண்டு மணி நாற்பது நிமிடப் படம்? வழக்கு முடிந்து, ஜூரி தீர்ப்புச் சொல்லி, மேனியன் விடுதலையாகி வெளியே போன பிறகும், இந்த மனிதர் உண்மையிலேயே தன்னிலை மறந்து சுட்டாரா, அந்தப் பெண் சொன்னது முழுக்க உண்மையா, வக்கீல் செய்தது சரியா என்று எதற்குமே பதில் கிடைப்பதில்லை. 1959இல் வந்த படம். எத்தனை முறை திரும்பப் பார்த்தாலும் இந்தக் கேள்விகள் அப்படியே நிற்கின்றன. ஒவ்வொரு முறையும் சந்தேகம் வேறு ஆள் மேல் விழுகிறது.

நாவலிலிருந்து எடுக்கப்பட்ட நீதிமன்றப் படங்களில் இதை முதல் இடத்தில் வைப்பவர்கள் பலர். வழக்கறிஞர்கள் இதை விரும்புவதற்கு ஒரு காரணம், சினிமா ரசிகர்கள் விரும்புவதற்கு இன்னொரு காரணம். நாவலையும் படத்தையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் மூன்றாவதாக ஒன்று தெரிகிறது. நாவலை எழுதியவர், இந்தக் கதைக்கு அடிப்படையான நிஜ வழக்கில் வாதாடி வென்ற வக்கீல். ஜெயித்தவர் தன் வாயால் சொல்லும் கதை அது. இயக்குநர் ஓட்டோ பிரெமிங்கர் சம்பவங்களை ஏறக்குறைய அப்படியே எடுத்துக்கொண்டார். கதை சொல்லும் வக்கீலின் குரலை மட்டும் நீக்கிவிட்டார். அந்த ஒரு மாற்றத்தால், குற்றம்சாட்டப்பட்டவர் தரப்பு வக்கீலின் நியாயமாக இருந்த புத்தகம் பார்வையாளர் தலையில் இறக்கிவைக்கப்பட்ட வழக்காக மாறிவிட்டது.

அட்டையில் ஆசிரியர் பெயர் ராபர்ட் டிராவர். அது புனைபெயர். உண்மைப் பெயர் ஜான் வோல்க்கர். மிச்சிகன் மாநிலத்தின் வடக்கே, சுப்பீரியர் ஏரிக் கரையை ஒட்டிய மேல் தீபகற்பத்தில், இஷ்பெமிங் என்ற சுரங்க ஊரில் 1903இல் பிறந்தவர். மார்க்கெட் மாவட்டத்தின் அரசு வழக்கறிஞராகப் பல ஆண்டுகள் இருந்து, 1950 தேர்தலில் அந்தப் பதவியை இழந்தார். 1952 கோடையில் பிக் பே என்ற சிற்றூரின் லம்பர்ஜாக் பாரில் ஒரு ராணுவ அதிகாரி பார் உரிமையாளரைச் சுட்டுக் கொன்ற வழக்கு அவரிடம் வந்தது. அதுவரை குற்றம் சாட்டியே பழகியவர், இப்போது குற்றம்சாட்டப்பட்டவருக்காக அதே நீதிமன்றத்தில் நின்றார். அந்தச் செப்டம்பரில், சித்த சுவாதீனம் இல்லாத நிலையில் செய்த செயல் என்று கூறி ஜூரி அந்த அதிகாரியை விடுவித்தது. நாவல் 1958இல் வெளியானபோது வோல்க்கர் மிச்சிகன் உச்ச நீதிமன்ற நீதிபதி. புத்தகம் விற்ற வேகத்தில், படம் வந்த சில மாதங்களிலேயே நீதிபதி பதவியை விட்டுவிட்டு, எழுதவும் டிரவுட் மீன் பிடிக்கவும் ஊருக்குத் திரும்பிவிட்டார். இந்த வரிசையில் எனக்கு மிகவும் பிடித்தது கடைசி முடிவுதான்.

நாவலின் நாயகன் பால் பீக்லரும் தேர்தலில் தோற்ற முன்னாள் அரசு வழக்கறிஞர், மீன் பிடிக்கும் கிறுக்கு உள்ளவர். எழுத்தாளர் தன்னையே கதைக்குள் வைத்திருக்கிறார் என்பதில் ஒளிவுமறைவு எதுவும் இல்லை. பீக்லர் 'நான்' என்று சொல்லிக்கொண்டே போவதால், அவர் தயங்குவதும் கணக்குப் போடுவதும் தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொள்வதும் நமக்குக் கேட்டுக்கொண்டே இருக்கின்றன. சட்டம் எப்படி இயங்குகிறது என்று பக்கம் பக்கமாக விளக்குகிறார்; சில இடங்களில் நாவலைச் சட்டக்கல்லூரிப் பாடமாகவே ஆக்கிவிடுகிறார். அலுப்பூட்டும் பக்கங்கள் உண்டு என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அந்த விளக்கங்களுக்குள் நாம் வக்கீலின் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துவிடுகிறோம். அவர் தன் கட்சிக்காரரைச் சந்தேகிக்கும்போதுகூட, அந்தச் சந்தேகம் அவருடைய மனசாட்சியின் நேர்மைக்குச் சான்றாகிவிடுகிறது.

பிரெமிங்கர் வியன்னாவில் சட்டம் படித்துப் பட்டம் பெற்றவர். அவர் தந்தை ஆஸ்திரோ-ஹங்கேரியப் பேரரசில் அரசு வழக்கறிஞர். வாதியோ பிரதிவாதியோ, ஒரு பக்கம் சாய்ந்துகொண்டு பார்ப்பது அவருக்கு ஒத்துவராது. படப்பிடிப்பை ஹாலிவுட் செட்டில் வைக்காமல், 1959 மார்ச் முதல் மே வரை மார்க்கெட், இஷ்பெமிங், பிக் பே ஆகிய ஊர்களிலேயே நடத்தினார். நிஜ விசாரணை நடந்த அதே மார்க்கெட் நீதிமன்றக் கட்டடம்தான் படத்தின் நீதிமன்றம். ஜூலையில் படம் திரைக்கு வந்துவிட்டது. இன்றைய வேகத்துக்கே இது மிரட்டும் கணக்கு.

கேமராவை அவர் வைக்கும் விதத்தைக் கவனிக்க வேண்டும். சாட்சி பேசும்போது சாட்சியின் முகத்துக்குள் போய்ப் புகுந்துகொள்வதில்லை. வக்கீல், சாட்சி, நீதிபதி, பின்னால் உட்கார்ந்திருக்கும் கட்சிக்காரர் எல்லோரும் ஒரே சட்டகத்தில் தெரிகிற மாதிரி தள்ளி நிற்கிறார். யாரைப் பார்ப்பது என்பதை நாமே முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. கொலையைக் காட்டவில்லை. பலாத்காரத்தையும் காட்டவில்லை. பின்கதைக்குத் தாவும் ஃபிளாஷ்பேக் ஒன்றுகூட இல்லை. நீதிமன்றப் படம் எடுக்கும் எவருக்கும் இந்தச் சபலம் வரும்: சாட்சி பேசத் தொடங்கியதும் திரை கலங்கி, நடந்தது கண்முன் விரிவது. அப்படி ஒருமுறை காட்டிவிட்டால் வழக்கு அங்கேயே முடிந்துபோகும். ஜூரர்களுக்குக் கிடைக்காத எதையும் நமக்கும் தரமாட்டேன் என்று பிரெமிங்கர் பிடிவாதமாக இருக்கிறார். முதல் ஒரு மணி நேரத்தில் பீக்லரோடு சிறைக்கும் பாருக்கும் அலைவதால் ஜூரர்களைவிடச் சில விஷயங்கள் நமக்குக் கூடுதலாகத் தெரியும். ஆனால் அவை எல்லாம் சந்தேகத்தைக் கூட்டுபவை, ஒன்றுகூட குறைப்பதில்லை.

அந்த முதல் ஒரு மணி நேரத்தில்தான் படத்தின் முதுகெலும்பான காட்சி வருகிறது. சட்ட மாணவர்கள் 'லெக்சர்' என்றே பெயர் வைத்திருக்கும் பகுதி. சிறையில் மேனியன் உட்கார்ந்திருக்கிறார். கையில் ஹோல்டரில் செருகிய சிகரெட். முகத்தில் கொலை வழக்கில் மாட்டியவருக்குரிய பயம் எதுவும் இல்லை. எழுதாத சட்டம் என்று ஒன்று இருக்கிறதே, மனைவியைக் கெடுத்தவனைக் கொன்றால் மன்னிப்பு உண்டே என்கிறார். அப்படி ஒன்று கிடையாது என்கிறார் பீக்லர். பிறகு கொலை வழக்கில் தப்புவதற்கு உள்ள வழிகளை ஒவ்வொன்றாகச் சொல்கிறார். அது கொலையே அல்ல, தற்கொலை அல்லது விபத்து என்பது ஒன்று. நான் செய்யவில்லை என்பது இன்னொன்று. தற்காப்பு போல, சட்டப்படி நியாயமானது என்பது மூன்றாவது. இந்த மூன்றும் உங்களுக்குப் பொருந்தாது என்று தட்டிக்கழிக்கிறார். நான்காவது, செயலைப் பொறுத்துக்கொள்ளத்தக்கதாக்கும் ஏதாவது ஒரு சட்டக் காரணம். அது என்னவென்று மட்டும் சொல்லாமல் நிறுத்திக்கொள்கிறார்.

மேனியன் யோசிக்கிறார். எனக்குப் பைத்தியம் பிடித்திருக்க வேண்டும் என்கிறார். கோபம் வேறு, பைத்தியம் வேறு என்கிறார் பீக்லர். மேனியன் மறுபடி தடவித் தடவிப் பார்க்கிறார். சரியான இடத்துக்குப் பக்கத்தில் வருகிறேனா என்று கேட்கவும் செய்கிறார். அன்று உங்களுக்கு எப்படி இருந்தது என்பதை நன்றாக நினைவுபடுத்திப் பாருங்கள் என்று சொல்லிவிட்டு வக்கீல் கிளம்புகிறார். பொய் சொல்லுங்கள் என்று அவர் ஒருமுறைகூடச் சொல்லவில்லை. எந்தக் கதவு திறந்திருக்கிறது என்பதை, மூடிய கதவுகளை மட்டும் காட்டியே புரியவைத்துவிட்டார்.

இந்த இடத்தில் நாவலுக்கும் படத்துக்கும் உள்ள வித்தியாசம் பளிச்சென்று தெரியும். நாவலில் பீக்லர் தான் செய்வது என்ன என்று நமக்கு வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறார். எல்லா வக்கீலும் இதைச் செய்கிறார்கள், கட்சிக்காரர் சட்டம் தெரியாமல் தன் கழுத்தில் தானே கயிறு மாட்டிக்கொள்ளாமல் இருக்க இது ஒரு பாதுகாப்பு என்று வாதாடவும் செய்கிறார். அந்த வாதம் நம்மை ஏறக்குறைய வசப்படுத்திவிடும். படத்தில் அந்த வாதம் இல்லை. ஜேம்ஸ் ஸ்டூவர்ட்டின் முகம் மட்டுமே இருக்கிறது. அமெரிக்கா பல ஆண்டுகளாக நேர்மையின் அடையாளமாகப் பார்த்துப் பழகிய முகம். அந்த முகம் இப்படி ஒரு காரியத்தைச் செய்வதைப் பார்க்கும்போது, இது நேர்மையா தந்திரமா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. இந்தப் பாத்திரத்துக்கு ஸ்டூவர்ட்டைத் தேர்ந்தெடுத்ததுதான் படத்தின் மிகக் கூர்மையான முடிவு என்பது என் எண்ணம். வெனிஸ் விழாவில் சிறந்த நடிகர் விருதும் கிடைத்தது. ஆஸ்கருக்கு ஏழு பரிந்துரைகள் போயும் ஒன்றும் கைக்கு வரவில்லை; 'பென்-ஹர்' வாரிக்கொண்டு போன ஆண்டு அது.

லெக்சர் சரியா தவறா என்பது சட்ட உலகில் இன்னும் முடியாத விவாதம். மன்ரோ ஃபிரீட்மன் என்ற சட்டப் பேராசிரியர் 1966இல் மிச்சிகன் லா ரிவியூ இதழில், குற்ற வழக்கு வக்கீலின் மூன்று கடினமான கேள்விகள் என்று ஒரு கட்டுரை எழுதினார். கட்சிக்காரரைப் பொய் சொல்லத் தூண்டக்கூடும் என்று தெரிந்தும் சட்ட ஆலோசனை சொல்லலாமா என்பது அவற்றில் ஒன்று. ஒரு தரப்பு சொல்வது: படித்தவனுக்கும் பணக்காரனுக்கும் சட்டம் முன்பே தெரியும், தெரியாதவனுக்கு அதைச் சொல்லிக்கொடுப்பது வக்கீலின் கடமை, சொல்லாவிட்டால் அறியாமைக்கே தண்டனை கொடுப்பதாகிவிடும். மறுதரப்பு: முதலில் உண்மையைக் கேள், பிறகு சட்டத்தைச் சொல், வரிசையை மாற்றினால் நீ சாட்சியைத் தயாரிக்கிறாய். பீக்லர் வரிசையை மாற்றுகிறார் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் பலாத்காரம் நடந்தது உண்மையாக இருந்து, அந்த அதிர்ச்சியில்தான் மேனியன் சுட்டார் என்றும் இருந்தால்? அப்போது பீக்லர், உண்மையான காரணத்துக்குச் சட்டத்தின் பெயரைத் தேடித் தந்தார், அவ்வளவுதான். இரண்டு வாசிப்புக்கும் இடம் விட்டிருப்பது படத்தின் சாமர்த்தியம்.

கதவு திறந்திருப்பது எங்கே என்பதைக் கண்டுபிடிப்பவர்கள் பீக்லரும், குடியில் தொலைந்துபோன அவருடைய மூத்த நண்பர் பார்னல் மெக்கார்த்தியும். பொதுவாக ஆங்கிலேய வழிச் சட்டத்தில் 1843இன் மெக்நாட்டன் விதிதான் அளவுகோல்: செய்வது என்னவென்றோ, அது தவறென்றோ அறிய முடியாத நிலையில் இருந்திருக்க வேண்டும். மேனியனுக்குத் தான் சுடுவது தெரியும், தவறென்றும் தெரியும். அதனால் அந்த விதியால் பயனில்லை. ஆனால் மிச்சிகனில் 1886இன் டர்ஃபி வழக்குத் தீர்ப்பு, தவறென்று தெரிந்தும் தன்னைத் தடுத்துக்கொள்ள முடியாத அளவுக்கு ஒருவன் உந்தப்பட்டிருந்தால் அதையும் ஏற்கும். பழைய தீர்ப்புத் தொகுதிகளுக்குள் இருவரும் தலையை நுழைத்துக்கொண்டு இதைக் கண்டெடுக்கும் காட்சியில் துப்பாக்கிச் சண்டைக்குரிய பரபரப்பு இருக்கிறது. சட்டப் புத்தகம் படிப்பதை இவ்வளவு சுவாரசியமாகக் காட்டிய வேறு படம் எனக்கு நினைவில்லை.

இந்தியச் சட்டத்தில் இந்தக் கதவு கிடையாது. 2024 வரை நடைமுறையில் இருந்த இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 84ஆம் பிரிவு அறிவை மட்டுமே பார்த்தது. அடக்க முடியாத உந்துதல் என்று சொன்னால் எடுபடாது. கடுமையான, திடீர் கோபமூட்டல் என்ற விதிவிலக்கு இருக்கிறது. அது தண்டனையைக் குறைக்குமே தவிர விடுவிக்காது. ஒரு தற்செயல்: மார்க்கெட் நீதிமன்றத்தில் பிரெமிங்கர் படம் பிடித்துக்கொண்டிருந்த அதே வாரங்களில், 1959 ஏப்ரல் 27 அன்று, பம்பாயில் கடற்படை அதிகாரி நானாவதி தன் மனைவியின் காதலனைச் சுட்டார். அங்கும் சீருடை, மனைவி, துப்பாக்கி, ஜூரி. எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் ஜூரி அவரைக் குற்றமற்றவர் என்றது. செஷன்ஸ் நீதிபதி அதை ஏற்காமல் உயர் நீதிமன்றத்துக்கு அனுப்பினார். 1961இல் உச்ச நீதிமன்றம் ஆயுள் தண்டனையை உறுதி செய்தது. மனைவி சொன்னதைக் கேட்ட பிறகு குடும்பத்தைச் சினிமாவுக்குக் கொண்டுபோய் விட்டு, கப்பலுக்குப் போய்த் துப்பாக்கி எடுத்து வந்தவருக்கு ஆத்திரம் தணிய நேரம் இருந்தது என்றது உச்ச நீதிமன்றம். மேனியன் விஷயத்திலும் மனைவி வீடு வந்ததற்கும் அவர் பாருக்குப் போனதற்கும் நடுவில் ஓர் இடைவெளி இருக்கிறது. அரசுத் தரப்பு அதைத்தான் பிடித்துத் தொங்குகிறது. அதே இடைவெளி, இரண்டு சட்டங்களில் இரண்டு விதி. பம்பாய் ஜூரியும் மார்க்கெட் ஜூரியும் மட்டும் ஒரே மாதிரி யோசித்திருக்கிறார்கள்.

நீதிமன்றக் காட்சிகளுக்கு வருவோம். அரசுத் தரப்பில் உள்ளூர் வழக்கறிஞருக்குத் துணையாக மாநிலத் தலைநகரிலிருந்து வந்து உட்காருகிறார் கிளாட் டான்சர். ஜார்ஜ் சி. ஸ்காட் அப்போது சினிமாவுக்குப் புதியவர். குரலை உயர்த்தாமல், நகத்தைப் பார்த்துக்கொண்டு பேசும் இந்த மனிதர் ஒரு சாட்சி விசாரணையில் சாட்சிக்கும் பீக்லருக்கும் நடுவில் வந்து நின்றுகொள்கிறார். பீக்லர் இந்தப் பக்கம் சாய்ந்தால் அவரும் சாய்கிறார். பீக்லர் கத்த, நீதிபதி கண்டிக்க, டான்சர் தனக்கு ஒன்றுமே தெரியாத மாதிரி மன்னிப்புக் கேட்கிறார். எந்த நீதிமன்ற வளாகத்திலும் இந்தச் சில்லறை வித்தையைச் செய்யும் ஒரு சீனியரையாவது பார்க்கலாம். பீக்லருக்கும் வித்தைகளுக்குக் குறைவில்லை. எதிர்த்தரப்பு பேசும்போது தூண்டில் முள்ளைக் கையில் வைத்துக்கொண்டு பின்னிக்கொண்டிருக்கிறார். ஜூரர்களின் கண் தானாக அங்கே போகிறது. ஜூரர்கள் கேட்கக் கூடாத ஒன்றை வேண்டுமென்றே அவர்கள் காதில் போடுகிறார், ஆட்சேபணை எழுகிறது, இதைக் கணக்கில் எடுக்காதீர்கள் என்கிறார் நீதிபதி. கேட்டதை எப்படிக் கேட்காததாக்குவது என்று மேனியன் மெதுவாகக் கேட்க, முடியாது என்று சொல்லிச் சிரித்துக்கொள்கிறார் வக்கீல்.

நீதிபதியாக நடித்தவர் நடிகரே அல்ல. ஜோசப் வெல்ச், பாஸ்டன் வக்கீல். 1954இல் ராணுவத்தின் சார்பில் செனட்டர் மெக்கார்த்தியின் எதிரே உட்கார்ந்து, உமக்குக் கண்ணியம் என்பதே இல்லையா என்று தொலைக்காட்சி நேரலையில் கேட்டவர். அந்தக் கேள்வியால் ஒரு அரசியல்வாதியின் செல்வாக்கே சரிந்தது. அவரை நீதிபதி இருக்கையில் உட்காரவைத்ததும், பார்வையாளரின் நம்பிக்கை தானாக அந்த மேடைக்குப் போய்விடுகிறது. சற்றே தட்டையான நடிப்புதான். ஆனால் நிஜ நீதிபதிகளும் அப்படித்தானே இருக்கிறார்கள்.

விசாரணையின் உச்சம் ஒரு தவறான கேள்வி. கிழிந்துபோன லாராவின் உள்ளாடை, குவில் தங்கியிருந்த விடுதியின் சலவைத் துணிகளைப் போடும் குழாய்க்குக் கீழே கிடந்தது என்று மேரி பைலன்ட் சாட்சி சொல்கிறாள். அந்த விடுதியை நடத்துபவள் அவள். குவில்லின் ஆசைநாயகி என்று ஊர் பேசிக்கொண்டிருக்கிறது. டான்சரும் அதை நம்பி, பொறாமையால் பொய் சொல்கிறாள் என்று காட்ட நெருக்கிக்கொண்டே போகிறார். அந்த ஆளுக்கும் உனக்கும் என்ன உறவு என்ற இடத்துக்கு வந்துவிடுகிறார். அவர் என் அப்பா என்கிறாள். டான்சருக்கு அதற்கு மேல் கேட்க எதுவும் இல்லை. பதில் தெரியாத கேள்வியைக் குறுக்கு விசாரணையில் கேட்காதே என்பது எந்த ஜூனியருக்கும் முதல் வாரத்திலேயே சொல்லித்தரப்படும் பாடம். இத்தனை கெட்டிக்காரரான டான்சர் அதில் விழுந்ததற்குக் காரணம் மூளைக் குறைவு அல்ல. பெண்கள் பொய் சொல்வது ஆணுக்காகத்தான் என்ற நினைப்பு.

இத்தனைக்குப் பிறகு, இரு தரப்பின் இறுதி வாதத்தைப் படம் காட்டவே இல்லை. நேராக, தீர்ப்புக்குக் காத்திருக்கும் நேரத்துக்குப் போய்விடுகிறது. நீதிமன்றப் படங்களின் பழக்கத்துக்கு இது நேரெதிர். ஜான் கிரிஷமின் 'எ டைம் டு கில்' நாவலையும் 1996 படத்தையும் பாருங்கள்: மகளைச் சீரழித்த இருவரை நீதிமன்றத்திலேயே சுட்டுக் கொன்ற தந்தை, அதே சித்த சுவாதீனமின்மை வாதம், பீக்லர் வழி வந்த இளம் வக்கீல். நாவலில் ஜூரர்களின் மனதை மாற்றுவது ஜூரி அறைக்குள் ஒரு ஜூரரே சொல்லும் வேண்டுகோள்: அந்தக் குழந்தை வெள்ளைக் குழந்தையாக இருந்தால் என்று நினைத்துப் பாருங்கள். படத்தில் அதை எடுத்து வக்கீலின் இறுதி உரையில் வைத்துவிட்டார்கள். பார்வையாளர் கண் கலங்குவார், கை தட்டுவார். ஆனால் ஜூரி தானாக யோசித்தது என்ற நாவலின் அருமையான நுட்பம் போய்விட்டது. 'டு கில் எ மாக்கிங்பேர்ட்' வேறு வகை. அங்கே பலாத்காரக் குற்றச்சாட்டு பொய் என்பது நமக்கு உறுதி, நம் வேதனை முழுக்கத் தீர்ப்பின் மேல். ஸ்காட் டுரோவின் 'பிரிஸ்யூம்டு இன்னொசென்ட்' தன்மையில் சொல்லும் நாவலைப் படமாக்கும் சிக்கலை நேரடியாகச் சந்தித்தது: குற்றம்சாட்டப்பட்டவனே கதை சொல்லி, அவனை நம்பலாமா என்பதே புத்தகத்தின் மர்மம். 1990 படத்தில் அந்தக் குரல் குறைந்து, ஹாரிசன் ஃபோர்டின் இறுகிய முகம் அந்த வேலையைச் செய்ய முயல்கிறது, பாதி வெற்றி. இவற்றுக்கு நடுவில் வைத்துப் பார்க்கும்போது பிரெமிங்கர் செய்த காரியத்தின் துணிச்சல் புரியும். அவர் யாருக்காகவும் நம்மைக் கை தட்ட விடவில்லை.

ஒரு இடத்தில் மட்டும் படம் இன்று உறுத்துகிறது. லாராவாக லீ ரெமிக். இறுக்கமான உடை, கறுப்புக் கண்ணாடி, யாரையும் சீண்டும் பேச்சு, வாயில் டார்ச் விளக்கைக் கவ்விக்கொண்டு வரும் நாய்க்குட்டி. பீக்லர் அவளைக் கண்ணாடி போட வைக்கிறார், தொப்பி மாட்ட வைக்கிறார், அடக்கமான மனைவியாக வேஷம் கட்ட வைக்கிறார். பலாத்காரம் செய்யப்பட்ட பெண் ஜூரியின் அனுதாபத்தைப் பெற எப்படித் தோன்ற வேண்டும் என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது. கணவரே அவளை அடித்திருக்கலாம் என்று படம் குறிப்பு காட்டுகிறது. அதை யாரும் பிடித்து விசாரிப்பதில்லை. சாட்சிக் கூண்டில் டான்சர் அவளுடைய பழைய விவாகரத்தையும் நடத்தையையும் கிளறுகிறார். உள்ளாடை என்ற சொல்லைக் கேட்டுக் கூடம் சிரிக்கிறது; ஒரு மனிதன் செத்திருக்கிறான், இன்னொருவன் சிறைக்குப் போக நேரலாம், இதில் சிரிக்க ஒன்றுமில்லை என்று நீதிபதி அடக்குகிறார். அவர் சொன்ன பட்டியலில் லாரா இல்லை என்பதைக் கவனித்தேன். 1974இல் இதே மிச்சிகன்தான், பாலியல் குற்ற வழக்குகளில் பெண்ணின் முந்தைய நடத்தையைக் கிளறுவதைக் கட்டுப்படுத்தும் விரிவான சட்டத்தை அமெரிக்காவிலேயே முதலில் கொண்டுவந்தது. ஆனால் அது பாலியல் குற்ற வழக்குகளுக்கு மட்டும். லாரா வந்து நின்றது கணவனின் கொலை வழக்கில். சட்டம் மாறிய பிறகும் டான்சரின் பல கேள்விகளுக்கு வழி இருந்திருக்கும்.

அன்றைய சிகாகோ நிர்வாகத்துக்கு உறுத்தியது வேறு. பலாத்காரம், கருத்தடை போன்ற சொற்கள் திரையில் கேட்கின்றன என்று அனுமதி மறுத்தார்கள். கூட்டாட்சி மாவட்ட நீதிமன்றத்தில் படத் தரப்பு வென்றது. பெண் படும் பாட்டில் யாருக்கும் குறை தெரியவில்லை. அதற்குப் பெயர் சொன்னதுதான் குற்றமாகிவிட்டது. இசையைப் பற்றி ஒரு வரி: டியூக் எலிங்டனின் ஜாஸ், லாரா பக்கம் நிற்கிறதா அவளைச் சந்தேகிக்கிறதா என்று சொல்லாமல் படம் முழுக்கக் கண்சிமிட்டிக்கொண்டே போகிறது. அவரே ஒரு சின்ன வேடத்தில் வந்து பியானோவில் உட்காருகிறார், ஸ்டூவர்ட்டும் பக்கத்தில் உட்கார்ந்து சேர்ந்து வாசிக்கிறார்.

வழக்கு முடிந்த மறுநாள் பீக்லரும் பார்னலும் ஃபீஸுக்காகப் புரோநோட்டில் கையெழுத்து வாங்க டிரெய்லர் பூங்காவுக்குப் போகிறார்கள். மேனியன் தம்பதி கம்பி நீட்டிவிட்டார்கள். அடக்க முடியாத உந்துதலால் கிளம்பவேண்டியதாகிவிட்டது என்று ஒரு சீட்டு மட்டும் காத்திருக்கிறது. வக்கீலின் வாதத்தை அவர் முகத்திலேயே எறிந்துவிட்டுப் போயிருக்கிறார் கட்சிக்காரர். இது நகைச்சுவையா, வாக்குமூலமா? எனக்குத் தோன்றுவது: மேனியன் ஏமாற்றுக்காரர் என்பதற்கு இது சான்று, பொய் சொன்னார் என்பதற்குச் சான்று அல்ல. ஃபீஸ் கொடுக்காமல் ஓடுபவர்களில் நிரபராதிகளும் உண்டு. எந்த வக்கீலைக் கேட்டாலும் சொல்வார். லாரா அழுதுகொண்டே போனாள் என்று பூங்காக்காரர் சொல்லும் ஒரு வாக்கியம்தான் அதைவிட எடை கூடியது. அதைப் பின்தொடர்ந்து போக யாரும் இல்லை.

படத்துக்குப் பின்னால் சட்டமும் நகர்ந்தது. மிச்சிகன் 1975இல் தன் சித்த சுவாதீனமின்மை விதியைச் சட்டமாக எழுதியபோது, தன்னைக் கட்டுப்படுத்த இயலாமை என்ற பகுதியை விடாமல் வைத்துக்கொண்டது. கூடவே, குற்றவாளி, ஆனால் மனநோயாளி என்ற புதுத் தீர்ப்பையும் சேர்த்தது. அதிபர் ரீகனைச் சுட்டவர் 1982இல் குற்றமற்றவர் என்று தீர்ப்பானதும் எழுந்த கொதிப்பில், கூட்டாட்சிச் சட்டம் 1984இல் அந்தப் பகுதியை வெட்டி எறிந்தது. பீக்லரின் கதவைச் சிலர் பூட்டினார்கள், சிலர் திறந்தே வைத்தார்கள். பிரெமிங்கரும் இந்தப் படத்துக்காக மறுபடி கோர்ட்டுக்குப் போனார்: தொலைக்காட்சியில் வெட்டியும் விளம்பரங்களுக்கு இடையில் துண்டுபோட்டும் ஒளிபரப்பக் கூடாது என்று கொலம்பியா நிறுவனத்தின் மேல் வழக்குப் போட்டு, 1966இல் தோற்றார்.

எல்லா வாசிப்பும் வக்கீலையும் தம்பதியையும் சுற்றியே வருகிறது. குவில் நல்லவனா கெட்டவனா என்று சொல்ல அவன் தரப்பில் சாட்சிக் கூண்டு ஏற ஆளில்லை. அரசுத் தரப்புகூட அவனுக்காகப் பேசவில்லை, மேனியனுக்கு எதிராகத்தான் பேசியது. நிஜ வாழ்க்கையில் அந்தத் தரப்பு ஒருமுறை நீதிமன்றம் ஏறியது. பிக் பேயில் கொல்லப்பட்டவரின் மனைவியும் மகளும், நாவலும் படமும் தங்களை அடையாளம் காட்டி அவதூறு செய்துவிட்டன என்று வழக்குத் தொடர்ந்தார்கள். நாவலில் குவில்லின் மனைவி வாய்த்துடுக்கான, அருவருப்பான பெண்ணாக வருகிறாள். 1962இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் வழக்கைத் தள்ளியது. நிஜ மனைவியைத் தெரிந்த எவரும், அவரோடு யாரும் குழப்பிக்கொள்ளக் கூடாது என்றுதான் எழுத்தாளர் அந்தப் பாத்திரத்தை இவ்வளவு அசிங்கமாகப் படைத்தார் என்று முடிவுகட்டுவார்களாம். இதை வோல்க்கரே நாவலில் எழுதியிருந்தால், மிகைப்படுத்தி எழுதிவிட்டார் என்று நாம் சொல்லியிருப்போம்.